இரட்டை இழையானதும் ஃபுளோரசீனின் ஒளி குறைவது ஏன்?

கேள்வி: ஆய்வு மாணவி, உயிர்வேதியியல்

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஒரு புரதம் டிஎன்ஏவை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பதை ஒளிர்வின் மூலம் அளப்பது என் வேலை. அதற்காக 22 காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) நீளமுள்ள ஒற்றை இழை ஒன்றை, 5′ முனையில் ஃபுளோரசீன் சாயம் ஒட்டியபடி, விலைக்கு வாங்கினோம். சாயத்தை அடுத்து வரும் முதல் இரண்டு காரங்களும் சைட்டோசின். இந்த இழையோடு அதன் நிரப்பு இழையைச் சேர்த்து இரட்டை இழையாக்கிய பிறகுதான் புரதத்தைச் சேர்க்க வேண்டும். என் சிக்கல் புரதம் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஒற்றை இழையை 50 நானோமோலார் செறிவில் குவெட்டில் (ஒளி ஊடுருவும் சிறு அளவீட்டுக் கலம்) வைத்து, 490 நானோமீட்டரில் கிளர்வூட்டி, 520 நானோமீட்டரில் அளக்கிறேன். நிரப்பு இழையைச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்ததும், 100 என்று வைத்துக்கொண்ட ஒளிர்வு 60க்கு அருகில் இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. முதலில் என் பிப்பெட் கைப்பிழை என்றே நினைத்து மூன்று நாட்கள் திரும்பத் திரும்பச் செய்தேன். நிரப்பு இழைக்குப் பதிலாக அதே கன அளவு பஃபரை மட்டும் சேர்த்தால், நீர்த்துப்போவதற்கு ஏற்ற அளவே குறைகிறது. தொடர்பில்லாத வரிசை கொண்ட வேறோர் இழையைச் சேர்த்தாலும் குறைவதில்லை. ஆகவே இரண்டு இழைகளும் இணைவதுதான் காரணம் என்பதில் ஐயமில்லை. அப்படியானால் சூடாக்கி இழைகளைப் பிரித்தால் ஒளி திரும்ப வேண்டும் அல்லவா? பிஎச் 8 உள்ள டிரிஸ் பஃபரில் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிப் பார்த்தேன். ஒளிர்வு திரும்பவில்லை, இன்னும் தாழ்ந்தது. இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்றும் புரியாமல் போயிற்று.

இதற்கு மேல் இன்னொரு குழப்பமும் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் உடன் பணியாற்றும் ஒருவர் சை3 என்ற வேறோர் ஒளிர் சாயம் ஒட்டிய டிஎன்ஏவில் அதே புரதத்தைச் சேர்க்கும்போது அவருடைய ஒளிர்வு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கூடுகிறது. என்னுடைய ஃபுளோரசீனோ சிறிது குறைகிறது. சாயம் என்பது டிஎன்ஏவில் ஒட்டிய ஓர் அடையாளம் மட்டுமே, அது தன் பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருக்கும் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். இழைகள் இணையும்போது ஒளி ஏன் குறைகிறது, ஒரே புரதம் ஒரு சாயத்தைக் கூட்டி இன்னொன்றைக் குறைப்பது எப்படி, இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துப் பிணைப்பு மாறிலியை (பாதி டிஎன்ஏவில் புரதம் ஏறியிருக்கும் புரதச் செறிவு) கணக்கிடுவது முறையா என்ற மூன்றையும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி: ஒளிவேதியியல் ஆராய்ச்சியாளர்

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது: சாயத்தை அடுத்து இரண்டு சைட்டோசின்கள். நிரப்பு இழை வந்து இணையும்போது அவற்றுக்கு எதிரே இரண்டு குவானின்கள் வந்து, சரியாகச் சாயத்தின் காலடியில் அமர்கின்றன. ஃபுளோரசீனின் ஒளியைக் குறைப்பவை அந்தக் குவானின்களே. உங்கள் கைப்பிழை இதில் எதுவும் இல்லை. கட்டுப்பாட்டுச் சோதனைகள் இரண்டையும் நீங்களாகவே செய்திருப்பது மிக நல்ல பழக்கம். அவை இல்லாதிருந்தால் நான் நீர்த்தல், குழாய்ச் சுவரில் ஒட்டுதல் என்று வேறு பலவற்றைக் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

நடப்பது என்னவென்றால், 490 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்று ஏறத்தாழ 2.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைச் சாயத்துக்குக் கொடுக்கிறது. அதனால் ஓர் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவ, கீழே ஓர் இடம் காலியாகிறது. அடுத்த சில நானோநொடிகளில் மேலே சென்ற எலக்ட்ரான் அந்தக் காலியிடத்துக்குத் திரும்பும்போது வெளிவருவதே நாம் காணும் பச்சை ஒளி. அதற்குள் பக்கத்தில் உள்ள வேறொரு மூலக்கூறு தன் எலக்ட்ரானை அந்தக் காலியிடத்துக்குக் கொடுத்துவிட்டால், மேலே இருக்கும் எலக்ட்ரானுக்கு ஒளி உமிழ்ந்து திரும்பும் வழி அடைபடுகிறது. அது பின்னர் அண்டை மூலக்கூறுக்குச் சென்று சேர, கணக்கு நேராகி, ஆற்றல் முழுவதும் வெப்பமாகக் கரைகிறது. டிஎன்ஏவின் நான்கு காரங்களில் எலக்ட்ரானை மிக எளிதில் விட்டுக்கொடுப்பது குவானின். பிஎச் 7இல் அதன் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் ஏறத்தாழ 1.29 வோல்ட், அடினினுக்கு 1.42, சைட்டோசினும் தைமினும் அவற்றைவிட மேலே இருக்கின்றன. ஒரே சாயத்தை நான்கு காரங்களின் அருகில் வைத்தால் அது நான்கு விதமாக நடந்துகொள்வதற்கு இந்த வரிசையே அடிப்படை. 1996இல் சைடல், ஷூல்ஸ், சாவர் ஆகிய மூவரும் கூமாரின் சாயங்களைக் கொண்டு இதை ஒழுங்காக அளந்து காட்டினார்கள்.

இதை ஃபிரெட் என்னும் ஆற்றல் மாற்றத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆற்றல் மாற்றம் நடக்க வேண்டுமானால், ஃபுளோரசீன் உமிழும் 520 நானோமீட்டர் ஒளியை உட்கவரும் திறன் எதிரே உள்ள மூலக்கூறுக்கு இருக்க வேண்டும். குவானினோ 260 நானோமீட்டரை ஒட்டிய புறஊதாப் பகுதியில்தான் உட்கவர்கிறது. எனவே இங்கே நடப்பது எலக்ட்ரான் மாற்றம். இதற்குச் சாயமும் காரமும் ஏறத்தாழத் தொட்டுக்கொள்ளும் நெருக்கத்தில் வர வேண்டும். தொலைவு கூடக் கூட இதன் வேகம் மிக விரைவாக விழுந்துவிடும். உங்கள் இழையின் நடுவில் உள்ள குவானின்கள் எதுவும் செய்யாமல், முனையில் உள்ள இரண்டு மட்டும் இவ்வளவு செய்வது அதனால்தான்.

இனி அந்த 90 டிகிரி. இதில் உங்களை ஏமாற்றியது டிஎன்ஏ அன்று, பஃபர். டிரிஸ் பஃபரின் பிஎச் ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ 0.028 குறையும். 25 டிகிரியில் 8.0 என்று வைத்த பஃபர் 90 டிகிரியில் 6.2க்கு அருகில் வந்துவிட்டிருக்கும். ஃபுளோரசீனுக்குப் பிஎச் 6.4ஐ ஒட்டி ஒரு திருப்புமுனை உண்டு: அதற்கு மேலே இரண்டு எதிர்மின்சுமைகளோடு பளிச்சென்று ஒளிரும், கீழே ஒரு புரோட்டானை ஏற்றுக்கொண்டு, 490 நானோமீட்டரில் குறைவாக உட்கவர்ந்து, உட்கவர்ந்ததிலும் குறைந்த பங்கையே ஒளியாகத் தரும். இழைகள் பிரிந்து, குவானின் விலகிச் சென்றது உண்மை. அந்த நேரத்தில் புரோட்டான் வந்து ஒளியை வேறு வழியில் குறைத்துவிட்டது. சூடாக்கும் சோதனைக்கு டிரிஸ் வேண்டாம். வெப்பநிலையோடு பிஎச் அதிகம் மாறாத பாஸ்பேட் பஃபரில் செய்து பாருங்கள். சூடேறும்போது பெரும்பாலான சாயங்கள் தாமாகவே சற்று மங்கும் என்பதால், நிரப்பு இழை சேர்க்காத ஒற்றை இழையையும் அதே வெப்பநிலைகளில் பக்கத்திலேயே அளந்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள்.

குவானின்தான் காரணம் என்பதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. நிரப்பு இழையின் முனையில் உள்ள அந்த இரண்டு குவானின்களுக்குப் பதிலாக இனோசின் வைத்து ஓர் இழை வாங்குங்கள். இனோசினும் சைட்டோசினோடு இணையும். ஆனால் குவானினில் உள்ள அமினோ தொகுதி அதில் இல்லை, எலக்ட்ரானை அவ்வளவு எளிதில் விடாது. ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்று குறைவதால் முனை சற்றுத் தளர்ந்திருக்கும், எனினும் 22 காரங்கள் நீளமுள்ள இழைக்கு அறை வெப்பநிலையில் அது பொருட்டன்று. ஒளி குறையாமல் நின்றால் வழக்கு முடிந்தது.


மறுமொழி: ஒற்றை மூலக்கூறு நுண்ணோக்கியாளர்

மேலே உள்ளவர் ஃபுளோரசீனைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டதால், உங்கள் நண்பரின் சை3 பற்றி எழுதுகிறேன். நான் பல ஆண்டுகளாக அந்தச் சாயத்தோடுதான் வாழ்கிறேன்.

சை3இன் அமைப்பை மனக்கண்ணில் பாருங்கள்: இரண்டு முனைகளிலும் இரண்டு தட்டையான வளையத் தொகுதிகள், நடுவில் மூன்று கார்பன்கள் கொண்ட ஒரு சங்கிலி. ஒளியை உட்கவர்ந்ததும் அந்தச் சங்கிலியின் ஒரு பிணைப்பு முறுக்கிக்கொள்ளும் நிலைக்கு வருகிறது. பாதி திரும்பியதும் மூலக்கூறு ஒளியின்றியே அடிநிலைக்கு விழுந்துவிடுகிறது. தண்ணீரில் தனியாக மிதக்கும் சை3க்கு இந்த முறுக்கலைத் தடுக்க எதுவும் இல்லை. அதனால் அதன் குவாண்டம் விளைச்சல் ஏறத்தாழ 0.04 மட்டுமே, அதாவது உட்கவர்ந்த நூறு ஒளித்துகள்களில் நான்கைத்தான் திருப்பித் தருகிறது. அதே சாயத்தின் நடுச் சங்கிலியைக் கூடுதல் வளையங்களால் பூட்டித் திரும்ப முடியாதபடி செய்த சை3பி என்ற உருவம் உண்டு. அதன் விளைச்சல் 0.67 அளவில் இருக்கிறது. முறுக்கலைத் தடுத்தால் ஒளி கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கிளிசராலைக் கலந்து கரைசலைக் கெட்டியாக்கினாலும் சை3 பிரகாசமாகும்.

டிஎன்ஏவில் ஒட்டியதும் சை3 காரங்களின் மேல் சாய்ந்து படிகிறது. படிந்த அளவுக்கு முறுக்கல் குறைந்து ஒளி கூடுகிறது. ஒற்றை இழையின் நெகிழ்ந்த காரங்கள் சாயத்தைச் சுற்றி அணைத்துக்கொள்ள முடிவதால், பல வரிசைகளில் ஒற்றை இழையில் இருக்கும் சை3, இரட்டை இழையில் இருப்பதைவிடப் பிரகாசமாக இருக்கும். ஆகவே உங்கள் நண்பர் கூர்ந்து பார்த்திருந்தால், இழைகளை இணைக்கும்போது அவருக்கும் ஒளி குறைந்திருக்கக்கூடும். காரணம் மட்டும் உங்களுடையது அன்று. சை3இல் குவானின் எலக்ட்ரான் கொடுத்து ஒளியைத் தணிக்கும் வேலை நடப்பதில்லை. பிறகு புரதம் வந்து முனைக்கு அருகில் அமரும்போது, சாயம் அசைய இடமின்றி நெருக்கப்படுகிறது, ஒளி கூடுகிறது. புரதத்தால் தூண்டப்படும் ஒளிர்வு உயர்வு என்று இதற்குத் தனிப் பெயரே வைத்து, புரதம் டிஎன்ஏவில் நகர்வதைப் பின்தொடர இதையே அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். புரதத்தில் எந்தச் சாயமும் ஒட்ட வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி.

உங்கள் ஃபுளோரசீனுக்கு முறுக்கிக்கொள்ளும் சங்கிலி இல்லை. அது இயல்பாகவே விறைப்பானது. பிஎச் உயர்ந்த கரைசலில் தனியாக இருக்கும்போது அதன் விளைச்சல் 0.9ஐத் தாண்டும். முறுக்கலே இல்லாத ஒன்றை, முறுக்கலைத் தடுத்துப் புரதம் எப்படிக் கூட்டும்? ஆனால் குறைக்க முடியும். புரதத்தில் உள்ள டிரிப்டோஃபான், டைரோசின் என்ற அமினோ அமிலங்களும் குவானினைப் போலவே எலக்ட்ரான் கொடுக்கும் வகை. அவற்றில் ஒன்று சாயத்தின் பக்கம் வந்தால் ஒளி இறங்கும். ஒரே புரதம் ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைப்பதன் காரணம் இதுதான்: இரண்டு சாயங்களும் ஒளியை இழக்கும் வழிகள் வேறு, புரதம் ஒரு வழியை அடைக்கிறது, இன்னொரு வழியைத் திறக்கிறது.

சை3 முனையில் எப்படி உட்கார்கிறது என்பதைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தொலைவு அளக்கும் பலர் இதில் இடறுகிறார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீயில் லில்லியின் குழுவினர் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு மூலம் பார்த்தபோது, இரட்டை இழையின் 5′ முனையில் ஒட்டிய சை3 காற்றில் ஆடும் கொடியைப் போல மிதக்கவில்லை. கடைசிக் கார இணையின் மேல், இன்னொரு கார இணையைப் போலவே அடுக்காகப் படிந்திருந்தது. அதன் உறவுச் சாயமான சை5உம் அவ்வாறே. ஃபிரெட் கணக்கில், இரண்டு சாயங்களும் எல்லாத் திசைகளிலும் விரைந்து சுழல்கின்றன என்று கொண்டு, திசைக் காரணிக்கு (சாயங்கள் ஒன்றையொன்று நோக்கியிருக்கும் கோணத்தைக் குறிக்கும் எண்) மூன்றில் இரண்டு என்ற மதிப்பைப் போடுவது வழக்கம். 1967இல் ஸ்டிரையரும் ஹாக்லண்டும் புரோலின் சங்கிலிகளின் இரு முனைகளில் சாயங்களை ஒட்டி, ஆற்றல் மாற்றம் தொலைவின் ஆறாம் படிக்கு ஏற்பக் குறைவதைக் காட்டியபோது அந்த மதிப்பு நன்றாகவே பொருந்தியது. ஆனால் இரண்டு முனைகளிலும் தட்டையாகப் படிந்த சை3, சை5 இணைக்கு அது பொருந்தாது. அவை இரண்டும் இழையின் அச்சுக்குச் செங்குத்தாகப் படுத்திருப்பதால், இடையில் ஒரு கார இணை கூடும்போதெல்லாம் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 34 டிகிரி திரும்புகின்றன. 2008இல் அதே குழுவினர் இழையின் நீளத்தை ஒவ்வொரு கார இணையாகக் கூட்டி அளந்தபோது, ஆற்றல் மாற்றத் திறன் சீராக இறங்காமல் அலை அலையாக ஏறி இறங்கியதைக் கண்டார்கள். அந்த வரைபடத்தை முதன்முறை பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதுவரை எண்ணாக மட்டும் எழுதிவந்த திசைக் காரணி கண்முன்னே வளைந்து நின்றது.

இதனால் தொலைவு அளவீடே பொய் என்று எண்ண வேண்டாம். திசைக் காரணி பாதியாகக் குறைந்தாலும் ஆறாம் படிமூலம் எடுப்பதால் ஃபோர்ஸ்டர் தொலைவு (ஆற்றலில் பாதி மாறும் தொலைவு) 5.4 நானோமீட்டரிலிருந்து 4.8க்கு அருகில்தான் வரும். ஒப்பீட்டு மாற்றங்களுக்கு அது தடையன்று. நானோமீட்டரில் ஒரு பங்கைக் கூடத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் தடைதான்.


மறுமொழி: மூலக்கூறு நோயறிதல் ஆய்வகப் பணியாளர்

நான் ஆராய்ச்சியாளர் அல்லன். டிஎன்ஏவைப் பெருக்கி ஒளிர்வால் அளக்கும் ஆர்டி-பிசிஆர் சோதனையை நாள்தோறும் செய்பவன். நீங்கள் சிக்கல் என்று சொல்வது எங்கள் துறையில் வடிவமைப்பு விதியாகவே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஃபாம் என்று நாங்கள் அழைக்கும் சாயம் கார்பாக்சி ஃபுளோரசீன்தான். டாக்மேன் வகைப் புரோப்பை (இலக்கைக் கண்டறியும், சாயம் ஒட்டிய சிறு இழை) வடிவமைக்கும்போது அந்தச் சாயம் ஒட்டும் 5′ முனையில் குவானின் வரக்கூடாது என்பது பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தரப்படும். ஏனென்று பல ஆண்டுகள் எனக்குத் தெரியாது. மேலே உள்ள விளக்கத்தைப் படித்த பிறகுதான் அந்த விதியின் வேர் புரிந்தது. பாலிமரேஸ் நொதி புரோப்பை வெட்டிய பிறகும், சாயத்தோடு முனையில் உள்ள காரம் ஒட்டியபடியே மிதக்கும். அது குவானினாக இருந்தால் வெட்டிய பிறகும் ஒளி அடங்கியே கிடக்கும்.

இதையே தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்தும் புரோப்களும் உண்டு. உங்கள் இழையைப் போலவே சைட்டோசின் முனையில் சாயத்தை ஒட்டி, இலக்கு இழையின் குவானின் வந்து ஒளியைக் குறைப்பதையே இணைந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். தனியாக ஒளித்தணிப்பான் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. 1996இல் தியாகியும் கிரேமரும் நியூயார்க்கில் உருவாக்கிய மூலக்கூறு பீக்கன் இதற்கு நேர் எதிரான வழி: கொண்டை ஊசி போல வளைந்த இழையின் ஒரு முனையில் சாயம், மறுமுனையில் தணிப்பான்; இலக்கு கிடைத்ததும் ஊசி நிமிர்ந்து, இரண்டும் விலகி, ஒளி எழுகிறது.

ஒட்டவே வேண்டாத சாயங்களையும் இங்கே நினைவுகூரலாம். ஜெல்லில் நாம் போடும் எத்திடியம் புரோமைடு கார இணைகளுக்கு நடுவே நுழைந்துகொள்ளும்போது ஏறத்தாழ இருபது மடங்கு பிரகாசமாகிறது. தண்ணீரில் இருக்கும்போது, கிளர்வுற்ற எத்திடியம் தன் அமினோ தொகுதியின் புரோட்டானைச் சுற்றியுள்ள தண்ணீருக்குக் கொடுத்து ஒளியை இழந்துவிடுகிறது. இரண்டு நானோநொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். காரங்களுக்கு நடுவில் தண்ணீர் எட்டாத இடத்தில் ஒளிந்துகொண்டால் கிளர்வு நிலை இருபது நானோநொடிக்கு மேல் நீடிக்கிறது. ஃபுளோரசீனுக்குக் காரம் பகை, எத்திடியத்துக்குத் தண்ணீர் பகை. எந்தச் சாயம் எதனால் ஒளியை இழக்கிறது என்று கேட்டுவிட்டால் மற்றவை தானே விளங்கிவிடுகின்றன.


மீண்டும் கேட்டவர்: ஆய்வு மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாஸ்பேட் பஃபரில் சூடாக்கும் சோதனையை அன்றே செய்தேன். இம்முறை 70 டிகிரியைத் தாண்டியபோது இரட்டை இழையின் ஒளிர்வு ஒற்றை இழையின் கோட்டை நோக்கி ஏறி, அதோடு சேர்ந்தே சென்றது. இனோசின் வைத்த நிரப்பு இழை வர மூன்று வாரங்கள் ஆயிற்று; அதைச் சேர்த்தபோது ஒளிர்வு மிகச் சிறிதளவே இறங்கியது. நான் மூன்று நாட்கள் என் கையைச் சந்தேகித்த அந்த 40 விழுக்காடு இரண்டு குவானின்களின் வேலை என்று தெரிந்தபோது ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

பிணைப்பு மாறிலி பற்றிய மூன்றாம் கேள்வி மீதமிருக்கிறது. ஒளிர்வின் அளவு இப்படி மாறுமானால், அனைசோட்ரோபி அளப்பதுதான் பாதுகாப்பு என்று ஆய்வகத்தில் சொல்கிறார்கள். அது சரியா?


மறுமொழி: ஒளிவேதியியல் ஆராய்ச்சியாளர்

பாதி சரி. அனைசோட்ரோபி என்பது சாயம் ஒளிரும் நேரத்துக்குள் எவ்வளவு திரும்பியது என்பதன் அளவு. ஃபுளோரசீன் ஏறத்தாழ 4 நானோநொடி கிளர்வு நிலையில் இருக்கிறது. சிறிய டிஎன்ஏ அந்த நேரத்துக்குள் ஓரளவு சுழன்றுவிடும். பெரிய புரதம் ஏறிக்கொண்டால் சுழற்சி மெதுவாகி அனைசோட்ரோபி உயரும். செறிவில் சிறு பிழை இருந்தாலும் பாதிக்காது என்பதால்தான் இதைப் பாதுகாப்பு என்கிறார்கள்.

ஆனால் குவெட்டில் புரதம் ஏறிய டிஎன்ஏவும் ஏறாத டிஎன்ஏவும் கலந்திருக்கின்றன. கருவி தருவது இரண்டின் சராசரி, அதுவும் யார் அதிகம் ஒளிர்கிறாரோ அவர் பக்கம் சாய்ந்த சராசரி. உங்கள் நண்பரின் சை3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புரதம் ஏறியதும் ஒளி இரண்டு மடங்காகிறது என்றால், மூன்றில் ஒரு பங்கு டிஎன்ஏ மட்டுமே புரதத்தோடு இருக்கும்போதே அனைசோட்ரோபி பாதி தூரம் ஏறிவிட்டிருக்கும். அந்த நடுப்புள்ளியைப் பிணைப்பு மாறிலி என்று எழுதினால், உண்மையான மதிப்பில் பாதியை எழுதிவிடுவீர்கள். புரதம் இருப்பதைவிட இரண்டு மடங்கு இறுக்கமாகப் பற்றுவதாகத் தோன்றும். ஒளிர்வு குறையும் உங்கள் சாயத்தில் பிழை எதிர்த்திசையில் போகும். ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் மொத்த ஒளிர்வையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, இரண்டு நிலைகளின் பிரகாச விகிதத்தைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சை3க்கு இன்னொரு குறையும் உண்டு. அது ஒளிரும் நேரம் குறுகியது, அதோடு முனையில் படிந்தே கிடக்கிறது. புரதம் வருவதற்கு முன்பே அனைசோட்ரோபி உயர்ந்திருக்கும் என்பதால் மேலே ஏற இடம் குறைவு.

ஒளிர்வின் மாற்றத்தைக் கொண்டே கணக்கிடுவதிலும் தவறில்லை. டிஎன்ஏவின் செறிவு பிணைப்பு மாறிலியைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் 50 நானோமோலார் எனக்கு அதிகமாகப் படுகிறது. சாயம் ஒட்டாத அதே இரட்டை இழையைக் கூடுதலாகச் சேர்த்தால் புரதம் அதற்கு இடம் மாறி, சமிக்ஞை திரும்ப வேண்டும். இந்தப் போட்டிச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். சாயம் பிணைப்பையே மாற்றிவிட்டதா என்பதை அது சொல்லும்.

வாங்கிய இழையில் ஒட்டாத சாயம் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நானே ஒரு முறை, அனைசோட்ரோபி எவ்வளவு புரதம் சேர்த்தாலும் ஓர் எல்லைக்கு மேல் ஏறாமல் நின்றதைக் கண்டு, புரதத்தின் ஒரு பகுதி செயலிழந்திருக்கிறது என்று எழுதிவைத்தேன். பின்னர் இழையை ஜெல்லில் ஓட்டியபோது, டிஎன்ஏ பட்டைக்கு வெகு கீழே பச்சையாக ஒரு பட்டை தனியே ஓடியது. வாங்கிய குப்பியிலேயே ஒட்டாத சாயம் இருந்திருக்கிறது. அது புரதத்தைக் கண்டுகொள்ளாமல் கடைசிவரை வேகமாகச் சுழன்றபடி சராசரியைக் கீழே இழுத்திருக்கிறது.


மீண்டும் கேட்டவர்: ஆய்வு மாணவி

ஜெல் நாளை ஓட்டுகிறேன். புதிய இழை வாங்கும்போது சாயத்துக்கும் டிஎன்ஏவுக்கும் இடையே உள்ள ஆறு கார்பன் சங்கிலியை நீளமாகக் கேட்டால் குவானினிடமிருந்து தப்பலாமா?


மறுமொழி: ஒற்றை மூலக்கூறு நுண்ணோக்கியாளர்

நீளமான சங்கிலி சாயத்தைத் தள்ளி நிறுத்துவதில்லை. கயிற்றின் நீளத்தைக் கூட்டுகிறது, அவ்வளவே. அது வளைந்து திரும்பி வந்து அதே காரத்தின் மேல் படியும், சில நேரம் முன்பு எட்டாத காரங்களையும் எட்டும். அதற்குப் பதிலாக இழையின் நடுவில், இரு பக்கமும் அடினின்–தைமின் இணைகள் மட்டுமே உள்ள இடத்தில், ஒரு தைமினின் மேல் சாயத்தை ஒட்டித் தரச் சொல்லுங்கள். அந்த இடம் புரதம் பற்றும் பகுதிக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முனையிலேயே வேண்டும் என்றால் முதல் இரண்டு சைட்டோசின்களுக்கு முன்னால் நான்கு தைமின்களையும், நிரப்பு இழையில் நான்கு அடினின்களையும் கூட்டுங்கள். குவானின் அந்த அளவு தள்ளிப்போனால் போதும். புதிய இழை வந்ததும் பழையதைப் போலவே முதலில் புரதம் இல்லாமல், ஒற்றை இழையாகவும் இரட்டை இழையாகவும் ஒரு முறை அளந்து பார்த்து, அந்த இரண்டு எண்களை இங்கே எழுதுங்கள்.